பொதுவில் செய்யுங்கள், ஆள் போட்டுச் செய்யுங்கள்: காரைக்குடித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி வட்டாரக் கல்லூரிகளின் இயற்பியல், கருவியியல், மின்னியல் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் ஆய்வகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கட்டுப்பாட்டு மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பராமரிக்க ஓர் ஆளை நிரந்தரமாகப் போடுங்கள். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். ஆனால் பேச்சு எப்போதும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது.

ஆலைகளில் ஸ்காடா (கருவிகளைத் திரையில் கண்காணித்து இயக்கும் மென்பொருள்), பிஎல்சி (இயந்திரங்களை ஓட்டும் சிறு கணினி) என்று காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவன் நான். இங்குள்ள ஓர் ஆய்வகத்தில், பெயர் வேண்டாம், பீரோவைத் திறந்து காட்டினார்கள். வெப்பநிலை அளக்கும் போர்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் கடைசி வருட பிராஜெக்ட். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல். செய்த பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறார்கள். அடுத்து வருகிறவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இதைத் திறமைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். உலகத்தின் பெரிய கெட்டிக்காரர்களும் ஒரு காலத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தைச் சொல்கிறேன். 1989 முதல் 2000 வரை அங்கே லெப் என்ற துகள் முடுக்கி ஓடியது. அதில் அலெஃப், டெல்ஃபி, எல்3, ஓபல் என்று துகள் மோதல்களைப் பதிவு செய்யும் நான்கு பெரிய டிடெக்டர்கள். நான்கு குழுக்களும் தத்தம் கட்டுப்பாட்டு அமைப்பைத் தாங்களே எழுதிக்கொண்டன. அடுத்து அதே 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் எல்எச்சி என்ற அடுத்த முடுக்கி வரப்போகிறது என்றானபோது கணக்கு இடித்தது. அட்லஸ், சிஎம்எஸ், ஆலிஸ், எல்எச்சிபி என்று மறுபடியும் நான்கு; ஒவ்வொன்றும் பழையதைவிடப் பல மடங்கு சிக்கல். அட்லஸ் மட்டுமே சுமார் 7,000 டன். நான்கு தடவை நான்கு விதமாக எழுத ஆளும் இல்லை, பணமும் இல்லை. 1990களின் கடைசியில் நான்கு குழுக்களும் செர்னின் கட்டுப்பாட்டுப் பிரிவும் சேர்ந்து ஜாயின்ட் கன்ட்ரோல்ஸ் பிராஜெக்ட், சுருக்கமாக ஜேகாப், என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கினார்கள்.

இங்கே கட்டுப்பாடு என்பது துகள் மோதலின் தரவைப் பிடிப்பதல்ல. அது வேறு துறை, பேரெல்லாம் அதற்குத்தான் போகும். இது வீட்டுக்காரம்மா வேலை மாதிரி: ஹை வோல்டேஜ், லோ வோல்டேஜ், காஸ் கலவை, குளிர்விப்பு, ஈரப்பதம் எல்லாவற்றையும் இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டிடெக்டருக்கு லட்சக்கணக்கான அளவுகள். ஷிஃப்டில் உட்காருகிறவரோ ஒருவர், இருவர்தான்.

ஜேகாப் ஆட்கள் முதலில் செய்த நல்ல காரியம், எதையும் புதிதாக எழுத ஓடாதது. சந்தையில் இருந்த ஸ்காடா பொருட்களை நிதானமாகச் சோதித்துப் பார்த்து, ஆஸ்திரியாவின் இடிஎம் நிறுவனத்தின் பிவிஎஸ்எஸ் என்பதை எடுத்தார்கள். 2007இல் அந்த நிறுவனத்தை சீமென்ஸ் வாங்கியது. இன்று அந்த மென்பொருளின் பெயர் வின்சிசி ஓஏ. அதற்கு மேல் பொதுச் சட்டகம் (ஃபிரேம்வொர்க்) ஒன்றைக் கட்டினார்கள். நான்கு குழுக்களும் பவர் சப்ளையை வாங்குவது கேயன், ஐசெக், வீனர் போன்ற சில கம்பெனிகளிடம்தான். பிறகு அதே கருவிக்கு நான்கு பேர் ஏன் நான்கு டிரைவர் (கருவியோடு பேசும் நிரல்) எழுத வேண்டும்? ஒருமுறை எழுதி, திரை, அலாரம், பதிவேடு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. டிடெக்டர் முழுவதையும் ஒரு மரமாக அடுக்கினார்கள். மேலிருந்து கட்டளை இறங்கும், கீழிருந்து நிலை ஏறும்: தயார், காத்திருப்பு, பிழை. இந்த வேலையைச் செய்யும் எஸ்எம்ஐ, தகவலை அனுப்பி வைக்கும் டிம் ஆகிய இரண்டின் வேரும் லெப் காலத்து டெல்ஃபியில் இருக்கிறது. தனித்தனியாகச் செய்த காலத்தில் ஒரு குழு நன்றாகச் செய்தது பிறகு எல்லோருக்கும் பொதுச் சொத்தானது. உங்கள் பீரோவிலும் அப்படி ஒன்று இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

மரத்தின் ஒரு கிளையை மட்டும் கழற்றி, அந்தப் பகுதிக்காரர் கையில் கொடுக்கவும் முடியும். அவர் சோதித்து முடித்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. கல்யாணமான மகனை நகரத்தார் வீட்டில் ‘வேறு வைப்பார்கள்’. தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. முகப்பும் வளவும் கிணறும் எல்லோருக்கும் பொது. உங்கள் துறைகளுக்கு நான் கேட்பதும் அதே ஏற்பாட்டைத்தான்.

இப்போது அந்த இரண்டாவது பாதிக்கு வருகிறேன். ஜேகாப் சட்டகம் இருபது வருடங்களைத் தாண்டி ஓடுகிறது. கணினிகள் மாறின, அடியிலிருந்த மென்பொருளின் பெயரே மாறியது. எழுதியவர்களில் பலர் போய்விட்டார்கள். இருந்தும் ஓடுவதற்குக் காரணம், அதைப் பார்த்துக்கொள்ளும் கடமை செர்னின் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு என்று எழுதி வைத்ததுதான். புதுப் பதிப்பு வந்தால் சோதிக்கவும், யாராவது சந்தேகம் கேட்டால் பதில் சொல்லவும் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நம்மிடம் மாணவருக்குப் புதிதாகச் செய்தால்தான் மதிப்பெண். பழையதைச் சரிசெய்தால் ‘இதில் நீ என்ன செய்தாய்’ என்று வைவாவில் கேட்கிறோம். அந்தக் கேள்வியை நிறுத்துங்கள், பாதி வேலை முடியும்.

செர்ன் வாங்கிய மென்பொருளை நீங்களும் வாங்க வேண்டாம், லைசென்ஸ் கட்டுப்படியாகாது. அமெரிக்க ஆய்வகங்களில் பிறந்த எபிக்ஸ் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் இருக்கிறது; இலவசம், திறந்த மூலம், ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியிலும் ஓடும். பெரிய பெரிய முடுக்கிகளே அதில்தான் ஓடுகின்றன.

எதில் தொடங்குவது? காஸ்மிக் மியூவான் (விண்வெளிக் கதிர்களால் உண்டாகி மேலிருந்து பொழியும் துகள்) பிடிக்கும் ஆர்பிசி என்ற, காஸ் நிரப்பிய தட்டை டிடெக்டர் ஒன்றில் தொடங்கலாம் என்பது என் எண்ணம். மதுரையில் 85 டன் இரும்போடு மினி ஐகால் என்ற மியூவான் டிடெக்டர் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆர்பிசிக்குச் சுமார் 10,000 வோல்ட் வேண்டும். காஸில் பெரும்பங்கு கார் ஏசியில் போடும் ஆர்134ஏ. வெப்பம் ஏறினால் கசிவு மின்னோட்டம் ஏறும். காற்றழுத்தம் மாறினால் அதற்கேற்ப வோல்டேஜையும் திருத்த வேண்டும். சித்திரை வெயிலில் காரைக்குடியில் இதை நிலையாக ஓட்டினால், பிள்ளைகள் கட்டுப்பாட்டுப் பொறியியலை முழுசாகக் கற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். மின்வேதியியல் ஆட்களின் பேட்டரி சோதனை பெஞ்சும் அடியில் இதே சட்டகத்தில் ஓடும்; வோல்டேஜ், மின்னோட்டம், வெப்பம் என்று அளப்பதெல்லாம் ஒன்றுதானே.

பெரிதாக யோசிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இங்கே வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். நான் கேட்பது ஒரு சம்பளம். 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு. அங்கே வேலைக்கு நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் எழுத ஏதாவது வேண்டாமா?

முதல் கட்டமாக, மூன்று துறைகளும் தங்களிடம் இருக்கும் பவர் சப்ளை, சென்சார், பம்ப் பட்டியலை ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டு துறைகளில் பொதுவாக இருக்கும் கருவிக்கு முதல் டிரைவரை இந்தப் பருவத்திலேயே எழுதலாம். ஆள் நியமனம் ஆகும்வரை வாரத்தில் இரண்டு நாள் நான் சம்பளம் இல்லாமல் வந்து உட்காருகிறேன். ஆனால் அது ஒரு கல்வியாண்டுக்கு மட்டும்தான். அதற்குள் நியமன ஆணை வரவில்லை என்றால் என்னை வைத்தே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், வர மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவியியல் பொறியாளர்,
தேவகோட்டை