பந்து போய் ஸ்டிக் வந்த மைதானம்

பிரஸ்ஸல்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் அம்மாவும் நலந்தானே? குளிர் போய்விட்டது, மழைதான் விட்டபாடில்லை.

அங்கே ஹாக்கி பார்க்க முடிகிறதா என்று போனில் கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் அத்தை நடுவில் புகுந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிடுவார்கள்.

ஊருக்குத் தெற்கே உக்கில் என்று ஒரு பகுதி, வசதியானவர்கள் இருக்கும் இடம். விவியே த்வா என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ராசிங் கிளப்பின் மைதானம் வந்துவிடும். இன்றைக்கு அங்கே ஹாக்கிதான். ஆனால் அது கால்பந்துக்காரர்கள் கும்பிட வேண்டிய மண். 1904 மே 1 அன்று பெல்ஜியமும் பிரான்சும் தங்கள் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது அங்கேதான். 65 நிமிடத்தில் பெல்ஜியம் 3-2 என முன்னால் போய்விட்டது. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் ஒன்று போட்டுச் சமன் செய்துவிட்டது. அந்த மாதமே பாரீஸில் ஃபிஃபாவைத் தொடங்கினார்கள் என்றால் பாருங்கள், எவ்வளவு பழைய கதை!

ராசிங் அப்போது சாதாரண கிளப் இல்லை. 1908க்குள் ஆறு முறை பெல்ஜிய சாம்பியன். சம்பளத்துக்கு ஆடாத காலம் அது. அப்புறம் என்ன, 1948இல் கால்பந்து அணி பக்கத்து வட்டாரமான புவாஃபோருக்குப் பெரிய ஸ்டேடியம் தேடிப் போனது. அதன் பிறகு பழைய உயரம் திரும்பவில்லை. 1963இல் இன்னொரு கிளப்போடு இணைந்தது, 1973இல் மறுபடியும் ஓர் இணைப்பு. அத்தோடு தனிப்பெயரும் போயிற்று. போகாமல் பழைய மைதானத்திலேயே இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஹாக்கி பெரும்பாலும் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம், மாமா. வருஷச் சந்தா கட்ட வேண்டும், மைதானத்துக்குக் காரில் கொண்டுவந்து விட அப்பாவோ அம்மாவோ வேண்டும். நம் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் ஆடியதை இவர்களிடம் சொன்னால் நம்பவே மாட்டார்கள். அதற்காகக் குறை சொல்லவும் முடியவில்லை. 2018 உலகக் கோப்பையைப் புவனேஸ்வரில் வந்து தூக்கிப் போனார்கள். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் நம்மை 5-2 என்று அடித்ததும் இவர்கள்தான். அன்றைக்கு நீங்கள் டிவியை அணைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்ததாக அம்மா சொன்னாள்.

பெனால்டி கார்னர் பழகுவதைக் கிட்டே நின்று பார்த்தேன். பின்கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளிவிட, பதினான்கு வயதிருக்கும் ஒரு பெண், கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்கு வெளியே ஸ்டிக்கைத் தரையோடு படுக்கப் போட்டுப் பந்தை நிறுத்துகிறாள். பந்து துள்ளவே இல்லை. அடிக்கிறவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வந்து கோலை நோக்கி இழுத்து விடுகிறாள். கோச் கத்தவே இல்லை, நீங்களாக இருந்தால் தொண்டை கட்டியிருக்கும்! ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கிளப் பாரில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கார்னரை வீடியோ எடுத்துத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் பையன்களிடம் காட்டுங்கள். நிறுத்துகிறவளின் இடது கையை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். உங்கள் முறைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள். பணம் வெள்ளிக்கிழமை வந்துவிடும், அத்தையை முழங்காலுக்கு டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

உங்கள் மருமகன்