பழைய வண்டியின் சாட்சியை அழித்துவிடாதீர்கள்: மிச்சிகன் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

டிராய், நோவை, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் குடியிருந்து, டெட்ராய்ட் கார் கம்பெனிகளில் வேலை பார்த்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அந்தக் காலத்து மசில் கார் (நடுத்தர அளவு வண்டியில் பெரிய என்ஜின் வைத்த அமெரிக்கக் கார்) ஒன்றை வாங்கிவிடலாம் என்று இறங்கியிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். ஆகஸ்ட் மாதத்தில் வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார் ஊர்வலமான ட்ரீம் குரூஸை நம்மவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த காலம் போய், சிலர் சொந்த வண்டியோடு வரிசையில் வருகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பெருமை. அந்த உரிமையில் ஒரு வேண்டுகோள்: வாங்கிய கையோடு வண்டியைப் பிரித்து மேயாதீர்கள். முதலில் அதைப் படித்துப் பாருங்கள்.

வண்டி என்றால் பளபளவென்று இருக்க வேண்டும் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். அதனால் ரெஸ்டோரேஷன் கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்து, "முழுசாகப் பிரித்துப் புதுசாக்கிவிடுங்கள்" என்கிறோம். அவரும் பாடியை ரொட்டிசரி என்கிற சுழலும் தாங்கியில் ஏற்றி, பெயிண்டைத் தகடு தெரியச் சுரண்டி, பட்டி பார்த்து, கிடைக்கிற பாகங்களையெல்லாம் புதிதாக வாங்கிப் போட்டுத் தருகிறார். ஃபேக்டரியிலிருந்து வந்தபோதுகூட அது அப்படிப் பளபளத்திருக்காது. ஆனால் அது என்ன வண்டி என்று சொல்லக்கூடிய அத்தனையும் அந்த வேலையிலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

ஊரில் பழைய வண்டி வாங்கினால் ஆர்.சி. புக்கில் உள்ள சேஸி நம்பரும் வண்டியில் குத்தியிருக்கும் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவோம். மசில் கார் விஷயத்தில் அது போதாது. இந்த வண்டிகள் பிறந்த விதம் அப்படி. 1964இல் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு உள்விதி இருந்தது. அதன் பாண்டியாக் பிரிவில் பொறியாளர் ஜான் டிலோரியன் குழுவினர் 389 என்ஜினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸுக்கு ஒரு ஆப்ஷனாகச் சேர்த்து விதியைத் தாண்டினார்கள். அதுதான் ஜிடிஓ. அந்த ஆண்டே 32,450 வண்டிகள் விற்றன. ஆப்ஷன் என்பதால் 1964, 1965 வண்டிகளின் வின் எண்ணில் (நம்மூர் சேஸி நம்பர் போன்ற அடையாள எண்) ஜிடிஓ என்பதற்கு எந்த அடையாளமும் கிடையாது. 1966இல் தனி மாடலான பிறகுதான் 242 என்ற குறியீடு வந்தது.

பாண்டியாக் வாங்குபவருக்கு ஒரு கதிமோட்சம் உண்டு. பி.எச்.எஸ். என்கிற ஆவணச் சேவையிடம் ஃபேக்டரி இன்வாய்ஸ் நகல்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் உங்கள் வண்டி என்னவாகப் பிறந்தது என்று தெரிந்துவிடும். 1967 முதலான ஃபோர்டுகளுக்கு அதேபோன்ற விவரம் தருவது மார்ட்டி ரிப்போர்ட். கிரைஸ்லர் வண்டிகளில் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே என்ஜினைச் சொல்லிவிடும். 1970, 1971 வண்டிகளில் அது 'ஆர்' என்றிருந்தால் உள்ளே இருப்பது 426 ஹெமி என்கிற பெரிய என்ஜின். 1971இல் ஹெமி என்ஜினோடு வந்த கிரைஸ்லரின் பிளைமவுத் குடா கன்வெர்ட்டிபிள்கள் பதினொன்றுதான். அவற்றில் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது என்றால், அந்த ஓர் எழுத்து எவ்வளவு பெறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான ஷெவர்லேயில். கனடாவில் விற்ற வண்டிகளுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் கனடா கிளை பதிவு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் விற்றவற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. நம்மவர்கள் அதிகம் ஆசைப்படுவதோ 1970 செவெல் எஸ்எஸ் மீது. அதன் வின் எண் 'வி8 மாலிபு, இரண்டு கதவு' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். உள்ளே இருந்தது சாதாரண 307ஆ, 450 குதிரைத்திறன் கொண்ட 454 எல்எஸ்6ஆ என்று அது சொல்லவே சொல்லாது. சொல்லக்கூடியவை இரண்டு: ஒரு காகிதம், ஓர் இரும்புப் பரப்பு.

காகிதம் என்பது பில்ட் ஷீட். அசெம்ப்ளி லைனில் எந்த வண்டிக்கு எதைப் பூட்ட வேண்டும் என்று கட்டம் கட்டமாக அச்சடித்த தாள். வேலை முடிந்ததும் தொழிலாளர்கள் அதைப் பெட்ரோல் டேங்க்கின் மேலேயோ சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயோ விட்டுவிடுவார்கள். ஐம்பது வருடத் துருவும் எலிக்கூடும் சேர்ந்து, தொட்டால் உதிரும் நிலையில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். டேங்க்கைச் சடாரென்று இறக்கினால் தூள்தான். பழைய சீட்டை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்ட கடையையும் பார்த்திருக்கிறேன். உள்ளே கையை விட்டுப் பார்க்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. தாள் கிடைத்தால் பிய்க்காமல், இருக்கும் இடத்திலேயே முதலில் படம் எடுங்கள். அதிலுள்ள வரிசை எண் உங்கள் வின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பக்கத்து வண்டியின் தாளைக் கை போன போக்கில் இதில் செருகிவிடுவதும் அன்றைக்கு நடந்ததுதான்.

இரும்புப் பரப்பு என்ஜின் பிளாக்கில் இருக்கிறது: முன்பக்கம், பயணி உட்காரும் பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்றுக் கீழே. என்ஜின் குறியீட்டையும் வண்டி எண்ணின் ஒரு பகுதியையும் அங்கே குத்தியிருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், எண்களுக்கு அடியில் முடி போன்ற மெல்லிய இணைகோடுகள் ஓடுவது தெரியும். ஃபேக்டரி மெஷின் விட்டுப்போன தடம் அது. என்ஜின் வேலைக்குப் பிளாக்கை மெஷின் ஷாப்புக்கு அனுப்பினால் மேல்தளத்தைச் சீவும்போது இந்த இடத்தையும் சேர்த்துச் சீவிவிடுவார்கள். எண்களும் போகும், கோடுகளும் போகும். பிறகு எண்ணைத் திரும்பக் குத்தலாம். ஆனால் விவரம் தெரிந்தவர் அதை நம்பமாட்டார். வேலைக்குக் கொடுக்கும் முன்பே "இந்த இடத்தைத் தொடாதீர்கள்" என்று எழுதிக் கொடுங்கள். எல்லாவற்றையும்விட இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

வின் தகட்டையும் கழற்றாதீர்கள். கன்சாஸில் ஒருவர் நல்ல நம்பிக்கையில் வாங்கிய 1959 கொர்வெட்டை, ரெஸ்டோரேஷனின்போது யாரோ தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருந்தார்கள் என்பதற்காக 2017இல் பறிமுதல் செய்தார்கள். நொறுக்கிவிட வேண்டும் என்பதுவரை போனது. வருடக்கணக்கில் வழக்கு நடந்து, 2022இல் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

பெயிண்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 'புல்லிட்' படத்தில் ஓட்டிய 1968 ஃபோர்டு மஸ்டாங், 2020 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்தில் 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. மங்கிய பெயிண்ட், அங்கங்கே துரு, அப்படியே விட்டிருந்தார்கள். எல்லா வண்டிக்கும் அந்தப் புகழ் வராதுதான். ஆனாலும் ஃபேக்டரி பெயிண்ட் முக்கால்வாசி நிற்கிற வண்டி உங்களிடம் வந்தால், துரு பரவாமல் தடுத்து, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சரிசெய்து ஓட்டுங்கள். ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடு) தொழிலாளி கிரேயானால் கிறுக்கிய குறி இருந்தால் அதன்மேல் ஸ்பிரே அடிக்காதீர்கள். குடாக்களும் சேலஞ்சர்களும் உருண்டு வந்த ஹாம்ட்ராம்க் டாட்ஜ் மெயின் ஆலையை 1981இல் இடித்துவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்களின் கையெழுத்து இன்று மிஞ்சியிருப்பது இந்தத் தகடுகளில்தான்.

சாதாரண வண்டியை அசல் மசில் கார் மாதிரி மாற்றுவதை, அதாவது க்ளோன் கட்டுவதை, நான் குறை சொல்லவில்லை. 307 மாலிபுவில் 454ஐ ஏற்றி, எஸ்எஸ் பட்டை அடித்து ஓட்டுவதில் தவறே இல்லை. அசலுக்குப் பணம் இல்லாதவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் இரண்டு கை மாறியதும் 'மாலிபு' என்கிற விஷயம் மறைந்து, மூன்றாவது ஆள் அதை அசலாகவே வாங்கி ஏமாறுகிறார். 1969 கமாரோவுக்கு முழு பாடியே இன்று புதிதாகக் கிடைக்கும்போது இந்த ஏமாற்று இன்னும் சுலபம். அதனால் நீங்கள் விற்கும்போது, என்ன மாற்றினீர்கள் என்பதை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும். எடுத்த படங்களையும் கழற்றிய பழைய பாகங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

உங்களில் யாராவது இந்தக் குளிர்காலத்தில் டேங்க்கை இறக்குவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். டார்ச்சும் கேமராவும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்