ஜேம்ஸ் ஜாய்ஸின் அப்பாவுக்கு

ஜான் ஜாய்ஸ் ஐயா அவர்களுக்கு,

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து நாவலாசிரியரான உங்கள் மகன் ஜேம்ஸின் எழுத்தைப் படிக்கப் போய், உங்கள் வீட்டுக் கடன் கணக்கில் மாட்டிக்கொண்டவன் நான்.

நீங்கள் ஒற்றைப் பிள்ளை. கார்க் நகரில் பரம்பரைச் சொத்து, அதில் வாடகை வரும். பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்கிற மாதிரிக் குரல். டப்ளினில் வரி வசூல் அலுவலகத்தில் உத்தியோகம். 1882 பிப்ரவரி 2 அன்று ஜேம்ஸ் பிறந்துவிட்டான், அப்புறமும் என்ன குறை? பையனைக் கிளாங்கோஸ் உட் என்ற ஜேசு சபை உறைவிடப் பள்ளியில் சேர்த்தீர்கள். வயது என்ன என்று கேட்டவர்களிடம் 'ஆறரை மணி' என்றானாம். அதுவே அங்கே பட்டப்பெயர் ஆகிவிட்டது. மூன்றே வருடம்தான். 1891-இல் ஃபீஸ் கட்ட முடியாமல் நிறுத்திவிட்டீர்கள்.

அதே வருடம் அக்டோபரில் உங்கள் தலைவர், அயர்லாந்துத் தன்னாட்சிக்காகப் போராடிய பார்னெல் இறந்தார். அவரைக் கைவிட்ட கட்சிக்காரர் ஹீலியைத் திட்டி, ஒன்பது வயதுப் பையன் ஒரு கவிதை எழுதினான். நீங்கள் அதை அச்சடித்து நண்பர்களுக்கெல்லாம் கொடுத்தீர்கள். ஃபீஸுக்குக் காசில்லை, அச்சுக்கூலிக்கு இருந்தது! கோபத்தோடு படித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் எல்லாம் இறங்குமுகம். உங்கள் அலுவலக வேலையை மாநகராட்சி எடுத்துக்கொண்டதும், வருடத்துக்கு 132 பவுண்டு ஓய்வூதியத்தோடு 43 வயதில் வீட்டுக்கு வந்தீர்கள். 1894-இல் ஜேம்ஸைக் கூட்டிக்கொண்டு கார்க் போய், மிச்சமிருந்த சொத்தையும் விற்றீர்கள். பெல்வெடியர் பள்ளியில் பிள்ளைகள் ஃபீஸ் இல்லாமல் படித்தது பாதிரியார் கான்மீயின் தயவு. வீடு மாற்றி வீடு மாற்றி, பாக்கி வைத்து, ஆள் போனால் போதும் என்று வீட்டுக்காரரே கட்டாத வாடகைக்கு ரசீது எழுதித் தருகிற அளவுக்கு வந்தாயிற்று. அந்த ரசீதைக் காட்டித்தான் அடுத்த வீடு பிடிப்பீர்கள். தட்டுமுட்டுச் சாமான்கள் அடகுக் கடைக்குப் போயின. ஆனால் சட்டம் போட்ட முன்னோர் படங்கள் மட்டும் வண்டியேறி ஒவ்வொரு வீட்டுக்கும் கூடவே வந்தன.

சரி, உங்கள் மனைவி மே அம்மா? உங்களைவிடப் பத்து வயது இளையவர். பிழைத்த பிள்ளைகளே பத்துப் பேர். ஒரு நாள் குடிபோதையில் அவர் கழுத்தை நெரிக்கப் போனீர்கள். ஜேம்ஸ் உங்கள் முதுகில் பாய்ந்து தடுத்தான். இதை எழுதி வைத்தவர் உங்கள் இன்னொரு மகன் ஸ்டானிஸ்லாஸ். 1903 ஆகஸ்டில் மே அம்மா நோயில் இறந்தபோது வயது 44. ஸ்டானிஸ்லாஸ் உங்களை மன்னிக்கவே இல்லை. நானும் அவர் கட்சிதான்.

ஜேம்ஸ் அந்தக் கட்சியில் சேரவில்லை. பாரிஸில் இருந்துகொண்டே, ஓவியர் ஒருவரை வைத்து உங்களை வரையச் சொன்னார். 1912-க்குப் பிறகு அயர்லாந்துக்கு அவர் வரவே இல்லை என்பது உண்மை. 1931 டிசம்பர் 29 அன்று நீங்கள் இறந்தபோதும் வரவில்லை. ஆனால் நொறுங்கிப்போனார். அந்த முன்னோர் படங்கள், ஒரு வேஸ்ட்கோட், பாடும் குரல், ஊதாரிக் குணம் இவையெல்லாம் அப்பா தந்தவை என்றும், தன்னிடம் ஏதாவது திறமை இருந்தால் அதில் பெரும்பங்கு அந்தக் குணத்திலிருந்து வந்ததே என்றும் ஒரு கடிதத்தில் எழுதினார். எனக்கு இது ஜீரணமாகவில்லை. அந்த ஊதாரித்தனத்துக்கு விலை கொடுத்தது மே அம்மா அல்லவா?

ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு முடிக்கிறேன். அதே 1931 ஜனவரியில், பிரைட்டன் சதுக்கத்துக்குக் கூட்டிப்போய், மலையிலிருந்து இறங்கிவந்து சின்னப் பையன்களை அழைத்துப்போகும் பசுவின் கதை சொல்வேனே, நினைவிருக்கிறதா என்று மகனுக்கு எழுதினீர்கள். நினைவிருக்கிறதாவா! 1916-இல் வந்த அவருடைய நாவல் தொடங்குவதே அந்தப் பசுவோடுதானே ஐயா. நீங்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லையா?

இப்படிக்கு,
உங்கள் மகனின் வாசகன்