அண்டிப்பருப்பு டப்பா வந்தது

தக்கலை
டிசம்பர் 9

மக்கா,

நீ மசாலா போட்டு வறுத்துக் குடுத்துவிட்ட அண்டிப்பருப்பு, அதான் முந்திரிப்பருப்பு, டப்பா வந்து 10 நாளாச்சு. பதில் போடலைன்னு ஏசாதே, எப்படிச் சொல்லன்னு யோசிச்சிட்டிருந்தேன். மைனி சுகந்தானே? சரி, விஷயத்துக்கு வாறேன். 28-ம் தேதி புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வாற 40 பேர் முன்னால அந்தப் பருப்பை வச்சிராதே. கணக்கு சார் ஒண்ணைக் கடிச்சாருன்னு வையி, இந்த வயசிலயும் உன்னை பெஞ்சு மேல ஏத்திருவாரு.

டப்பாவே எல்லாத்தையும் சொல்லிட்டு. வத்தல்பொடி, அதான் மிளகாய்ப்பொடி, பூரா அடியில தனியா கிடக்கு. பருப்பு ஒண்ணு வெள்ளை, அடுத்தது காப்பிக்கொட்டை. கடிச்சா சவ்வு, தொண்டையில கசப்பு.

கசப்பு பொடியால வந்தது. பருப்பு வறுபட கால் மணிநேரம் வேணும், வத்தல்பொடி அரை நிமிஷத்துல கரியும். ரெண்டையும் ஒண்ணா சட்டியில போட்டா பொடி என்ன செய்யும், பாவம்? அடுப்பை அணைச்ச பிறகுதான் பொடி. இதை ஒண்ணை மட்டும் ஓர்மையில வச்சுக்கோ, மத்ததுல பாதி தானா சரியாவும்.

அடி கனமான இரும்புச் சட்டியில அரைக்கிலோ பருப்புக்கு ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், அதுக்கு மேல வேண்டாம். தீ கடைசி வரை சிம்மில. 12-ல இருந்து 15 நிமிஷம் கை நிக்காம கிண்டணும். லேசான சந்தன நிறம் வந்ததும் அகலத் தட்டுல கொட்டிரு. உள்ளே இருக்குத சூட்டுல இன்னும் ஒரு நிறம் ஏறும். சட்டியிலயே பொன்னிறம் பாத்தா தட்டுல கருப்புதான். சூட்டோட கடிச்சு ‘முறுகலையே’ன்னு மறுபடி அடுப்புல ஏத்தாதே. சூட்டுல எந்தப் பருப்பும் மெத்துன்னுதான் இருக்கும். ஒண்ணை எடுத்து ஆறவிட்டுக் கடிச்சுப் பாரு.

தட்டுல கொட்டி ஒரு நிமிஷம் கழிச்சு, எண்ணெய்ப் பசை காயுததுக்கு முன்னால, வத்தல்பொடி ரெண்டு டீஸ்பூன், நல்லமொளகுப்பொடி (கருப்பு மிளகு) ஒண்ணு, உப்பு ஒண்ணு, காயப்பொடி கால். உப்பை மிக்சியில நைசா அடிச்சுக்கோ. பரல் உப்பு ஒட்டாது, உருண்டு கீழே போவும். நீ ஆறின பிறகு ரெண்டாந்தடவை பொடி தூவியிருக்க, அதுதான் டப்பா அடியில கிடக்கு.

கறிவேப்பிலையும் பூண்டும் முதல்லயே தனியா. இலையைக் கழுவி துணியில விரிச்சு ரெண்டு மணிநேரம் காயவிடு. எண்ணெயில போட்டு சடசட சத்தம் அடங்கினதும் எடு. சத்தம் இருந்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம். பூண்டை நசுக்கி மொறுமொறுன்னு ஆகுதவரை விடணும். உன் பூண்டு வெளியில கருப்பு, உள்ளே பச்சை. சவ்வுத்தன்மைக்குப் பாதிக் காரணம் அது.

மீதிப் பாதி, சூடு ஆறாம டப்பாவை மூடினது. நீராவி மூடியில தட்டித் திரும்பப் பருப்புலதான் இறங்கும். அதுக்காக ராத்திரி முழுக்க திறந்தும் போடாதே, இந்த மழைக்காத்து ஒரு மணிநேரத்துல வேலையைக் காட்டிரும். ஃபேனுக்கு அடியில முக்கால் மணிநேரம், அப்புறம் இறுக்கமான தகர டப்பா. எலுமிச்சம்பழம் பிழியாதே. சீனியும் வேண்டாம், ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். புளிப்பு வேணும்னா ஆம்சூர் பொடி, அதான் காஞ்ச மாங்காய்ப்பொடி, கொஞ்சம்.

நிறம் ரெண்டானதுக்குக் காரணம், முழுசும் துண்டும் கலந்து வாங்கினது. துண்டு முந்திக் கரிஞ்சிரும். அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி ஆலையில, 180-ம் நம்பர் முழுப்பருப்பு கேட்டு கெத்து காட்ட நினைக்காதே. அந்த நம்பர் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிக்கும்னு சொல்லுத கணக்கு. நம்பர் கூடக்கூட பருப்பு சின்னது, விலையும் குறைவு. மசாலாவுக்கு ரெண்டாப் பிளந்ததே போதும், தட்டையான பக்கத்துல பொடி நல்லாப் பிடிக்கும். பாயசத்துக்கு வேணும்னா முழுசு வாங்கு.

ஆளுக்கு 30 கிராம் வச்சா 1,200 கிராம். 700 அண்டிப்பருப்பு, 500 கப்பலண்டி, அதான் நிலக்கடலை. ரெண்டையும் சேத்து வறுக்காதே, கப்பலண்டிக்கு நேரம் கூடுதல். அதுல சுருங்கினது, கருத்தது, பூத்தது எல்லாம் பொறுக்கி எறி. பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் முழுசாப் போவாது. அண்டிப்பருப்பை ரெண்டு ஈடா வறு. சட்டி நிறைஞ்சா அடி கரியும், மேலே பச்சையா நிக்கும்.

தோட்டத்துக் கொல்லமாவுல, அதான் முந்திரி மரத்துல, காய்ச்சதும் அண்டியை நாமளே அடுத்த தடவை சுட்டுக்கலாம்னு எழுதியிருந்த. வேண்டாம் மக்கா. அண்டித் தோட்டுல உள்ள எண்ணெய் பட்டா கை பொத்துப் போவும், புகையும் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆவாது. வீட்டுக்குள்ளே அந்த வேலையே கூடாது.

இன்னொண்ணு, இது விளையாட்டுல்ல. கொச்சுப் பிள்ளைகள் கைக்கு எட்டுத இடத்துல தட்டை வைக்காதே. அஞ்சு வயசுக்குக் கீழே முழுப்பருப்பு தொண்டையில அடைக்கும். வாறவங்கள்ல யாருக்காவது பருப்பு சேராதான்னு மைனியை முன்னாலயே கேக்கச் சொல்லு. கப்பலண்டிக்கு அலர்ஜி உள்ளவங்களுக்கு ஒரு கரண்டி மாறினாலும் ஆபத்து. தட்டும் கரண்டியும் தனித்தனியா இருக்கட்டும்.

மிச்சத்தைப் பெங்களூருக்கு அனுப்புததா இருந்தா அந்த ஈட்டுக்குக் கடலையெண்ணெய் ஊத்து. அங்கத்த குளிர்ல தேங்காயெண்ணெய் உறைஞ்சு பருப்பு மேல வெள்ளை படியும், உன் மச்சான் பூஞ்சைன்னு குப்பையில கொட்டிருவான்.

20-ம் தேதிக்குள்ள ஒரு கால்கிலோ வறுத்துப் பாரு. உன் டப்பாவைக் கழுவிக் காயவச்சு இந்தக் கடிதத்தோட குடுத்துவிடுதேன். அதுலயே போட்டு அனுப்பு, ஆறின பிறகு மூடி.

உன்
மக்கா