அண்டை நாடுகளின் விண்வெளிக் கூட்டுறவு: பரிசாக அல்ல, பங்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியா தன் அண்டை நாடுகளின் தொலைத்தொடர்புக்காக 2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஜிசாட்-9 என்னும் தெற்காசிய செயற்கைக்கோள், 12 ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகப் பணியாற்றும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி 2029-ஐ ஒட்டி அதற்கு ஒரு மாற்று தேவைப்படும். அதைத் திட்டமிட்டு, கட்டி, ஏவி முடிப்பதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், அடுத்த செயற்கைக்கோளை யார் செய்வது, யாருடைய பணத்தில் செய்வது, அதில் யாருக்கு என்ன உரிமை என்பவை இப்போதே பேசப்பட வேண்டிய கேள்விகள். இவை பேசப்படும் சில இடங்களில் இரண்டு கருத்துகளே திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. அரசியல் உறவு சீராகாதவரை அண்டை நாடுகளோடு விண்வெளியில் கைகோக்க இயலாது என்பது ஒன்று. அறிவியலுக்கு எல்லைகள் கிடையாது, அரசியலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சேர்ந்து செய்யலாம் என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மைதான் என்பதை, ஐரோப்பிய நாடுகள் அறுபது ஆண்டுகளாகப் பட்ட பாட்டைப் பார்த்தால் உணரலாம். நாடுகளுக்கிடையே உள்ள அரசியல் இணைப்பின் ஆழம், அவை எதையெல்லாம் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. சிலவற்றுக்கு ஆழமான ஒன்றியம் தேவை. சிலவற்றுக்கு நேர்மையாக எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கையே போதும்.

ஐரோப்பாவின் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. ராணுவ ஏவுகணையாகத் தொடங்கிய ‘புளூ ஸ்ட்ரீக்’ திட்டத்தை 1960-இல் கைவிட்ட பிரிட்டன், அதை ஒரு பொது ராக்கெட்டின் முதல் அடுக்காக ஆக்கலாம் என்று அண்டை நாடுகளிடம் முன்மொழிந்தது. 1961-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர விண்ணப்பித்திருந்த பிரிட்டனுக்கு, தன் ஐரோப்பியப் பற்றைக் காட்டிக்கொள்ள அது நல்ல வாய்ப்பாகவும் இருந்தது. முதல் அடுக்கு பிரிட்டனிடமும், இரண்டாவது பிரான்சிடமும், மூன்றாவது மேற்கு ஜெர்மனியிடமும், சோதனைச் செயற்கைக்கோள் இத்தாலியிடமும் ஒப்படைக்கப்பட்டன. இந்த ராக்கெட்டுக்காக அந்நாடுகள் சேர்ந்து உருவாக்கிய எல்டோ என்ற அமைப்பிடம், முழு ராக்கெட்டுக்கும் பொறுப்பேற்று அடுக்கோடு அடுக்கைப் பொருத்திப் பார்க்கும் அதிகாரம் மட்டும் இல்லை. பிரிட்டனின் முதல் அடுக்கு நன்றாகவே இயங்கியது. அதற்கு மேலே ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று பழுதாயிற்று. 1971 நவம்பரில் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூவிலிருந்து கிளம்பிய கடைசி ராக்கெட்டும் வீழ்ந்தது. ‘யூரோப்பா’ என்று பெயரிடப்பட்ட அந்த ராக்கெட் ஒரு செயற்கைக்கோளைக்கூடச் சுற்றுப்பாதையில் நிறுத்தவில்லை.

இதைப் பொறியியல் தோல்வி என்று மட்டும் பார்ப்பது சரியாகாது. 1963 ஜனவரியிலும் 1967 நவம்பரிலும் பிரிட்டனின் விண்ணப்பத்தைப் பிரெஞ்சு அதிபர் டிகால் தடுத்தார். அரசியல் பலன் கைகூடாது என்று தெரிந்ததும் ராக்கெட்டில் பிரிட்டனுக்கு இருந்த ஆர்வம் வற்றியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது நிதிப் பொறுப்பிலிருந்து விலகத் தொடங்கியது. வேறொரு பேரத்துக்கான காணிக்கையாக விண்வெளித் திட்டத்தில் சேர்கிற நாடு, அந்தப் பேரம் முறியும்போது திட்டத்தையும் விட்டுப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தோல்வியின் விலை விரைவிலேயே தெரிந்தது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் சேர்ந்து உருவாக்கிய ‘சிம்ஃபனி’ தொலைத்தொடர்பு செயற்கைக்கோள்களை ஏவ ஐரோப்பாவிடம் ராக்கெட் இல்லை. அமெரிக்கா ஏவித்தர இசைந்தது; ஆனால் வணிகப் போட்டிக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையுடன்தான் இசைந்தது. 1973 ஜூலையில் பிரஸ்ஸல்ஸில் கூடிய அமைச்சர்கள் செய்துகொண்ட ஏற்பாடு எனக்கு இன்றும் முன்மாதிரியாகத் தோன்றுகிறது. பிரான்ஸ் விரும்பிய ஏரியன் ராக்கெட், ஜெர்மனி விரும்பிய விண்வெளி ஆய்வுக்கூடம், பிரிட்டன் விரும்பிய கடல்வழித் தொடர்புச் செயற்கைக்கோள் ஆகிய மூன்றும் ஒரே பொதியாக ஏற்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் அதை விரும்பிய நாடே பெரும்பங்குச் செலவைச் சுமந்து தலைமையும் ஏற்றது. அந்த உடன்பாட்டின் மேல்தான் 1975 மே 30 அன்று பாரிஸில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் சாசனம் கையெழுத்தானது. 1979 டிசம்பர் 24 அன்று முதல் ஏரியன் வெற்றிகரமாக விண்ணேறியது.

அந்தச் சாசனத்தின் அமைப்பு நம் அண்டை நாடுகளின் அதிகாரிகளும் கவனித்துப் படிக்க வேண்டிய ஒன்று. அறிவியல் திட்டங்கள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கட்டாயம்; ஒவ்வொரு நாடும் தன் தேசிய வருமானத்துக்கேற்ற பங்கைச் செலுத்துகிறது. ராக்கெட், தொலைத்தொடர்பு போன்றவை விருப்பத் திட்டங்கள். சேர விரும்பும் நாடுகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்கின்றன, சேராத நாடு அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. ஒரு நாடு கொடுக்கும் பணத்துக்கு ஈடான ஒப்பந்தப் பணிகள் பெருமளவு அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கே திரும்புகின்றன. இந்தக் கடைசி விதியால் வேலை துண்டு துண்டாகிறது, செலவு ஏறுகிறது என்ற குறை நெடுங்காலமாக உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் சிறிய நாடு ஒன்று தன் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, விண்வெளிக்குச் செலவிட்ட பணம் நம் பொறியாளர்களின் ஊதியமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று சொல்ல முடிவது அந்த விதியால்தான். அது இல்லாமல் இத்தனை நாடுகள் இத்தனை காலம் நீடித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இந்த முகமை ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கம் அன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் முகமையில் உள்ளன. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டனும் முகமையில் தொடர்கிறது. ஒன்றியத்துக்கு விண்வெளியில் வெளிப்படையான சட்ட அதிகாரம் கிடைத்ததே 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையால்தான். அதிலும்கூட, உறுப்பு நாடுகளின் விண்வெளிச் சட்டங்களை ஒன்றுபோல் ஆக்க அந்த உடன்படிக்கையின் விண்வெளிப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியே வைத்தார்கள். இருபத்தேழு நாடுகள் பொதுச் சந்தையை ஏற்றுக்கொண்ட பின்னும், பெரும்பாலானவை பொது நாணயத்தைக் கையில் வைத்திருந்தும், விண்வெளியில் தம் இறையாண்மையை இவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டன.

ஒன்றியத்தின் ஆழம் எங்கே தேவைப்படுகிறது என்பதைக் காட்டியது கலிலியோ வழிகாட்டுச் செயற்கைக்கோள் திட்டம். தனியார் முதலீட்டோடு அதை நடத்தும் முயற்சி 2007-இல் முறிந்தபோது, முழுச் செலவையும் ஒன்றியத்தின் பொது வரவுசெலவுத் திட்டமே ஏற்றது. அப்படியொரு பொதுக் கருவூலம் இல்லாதிருந்தால் திட்டம் அங்கேயே நின்றிருக்கும். கலிலியோவில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய சேவையோடு, அரசுகளுக்கும் படைகளுக்கும் உரிய மறையாக்கம் செய்யப்பட்ட பாதுகாப்புச் சேவை ஒன்றும் உண்டு. வெளிநாடுகள் அதை எந்த நிபந்தனையில் பெறலாம், அதன் நுட்பப் பணிகளில் யார் ஈடுபடலாம் என்ற விதிகள் 2011-இல் இறுதியானபோது பிரிட்டனும் ஒன்றியத்தின் உறுப்பினர். அந்த விதிகளை வகுப்பதில் பங்கெடுத்த நாடு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அதே விதிகள் அதன்மீது பாய்ந்தன. பாதுகாப்புச் சேவைக்கான பணிகளிலிருந்து பிரிட்டன் நிறுவனங்கள் விலக்கப்பட்டன. அங்கிருந்த துணைப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் ஸ்பெயினுக்கு மாற்றப்பட்டது. தனக்கென ஒரு வழிகாட்டு அமைப்பைக் கட்டலாமா என்று ஆராய 9.2 கோடி பவுண்டை ஒதுக்கிய பிரிட்டன், 2020-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

ஆனால் புவியைக் கண்காணிக்கும் கோபர்நிகஸ் திட்டத்தில் வேறு கதை நடந்தது. பிரிட்டன் தன் பங்குத் தொகையைச் செலுத்த ஒப்புக்கொண்டு, 2024 ஜனவரி 1 முதல் அதில் மீண்டும் பங்கேற்கிறது. மழை, வெள்ளம், பயிர், காற்று மாசு ஆகியவற்றின் தரவைப் பகிர்வதற்கு ஒரே ஒன்றியத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. போர்க்காலத்தில் கப்பலுக்கும் விமானத்துக்கும் வழிகாட்டும் மறைகுறியைப் பகிர்வதற்கு அதைவிட ஆழமான இணைப்பு தேவைப்படுகிறது. ஒரே நாடு, ஒரே வெளியேற்றம், ஒரே காலகட்டம். இரு திட்டங்களில் இரு வேறு முடிவுகள்.

இதைவிடவும் நமக்குப் பொருத்தமான சான்று, வானிலைச் செயற்கைக்கோள்களை இயக்கும் யூமெட்சாட் அமைப்பு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலிருந்து இயங்கும் அதில் கிரீஸும் துருக்கியும் உறுப்பினர்கள். சைப்ரஸ் தீவையும் ஏஜியன் கடலையும் முன்னிட்டு இந்த இரு நாடுகளும் எத்தனை முறை போரின் விளிம்புவரை சென்றிருக்கின்றன என்பது உலகறிந்தது. துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஐரோப்பிய விண்வெளி முகமையிலும் இல்லை. இருந்தும் இரண்டும் ஒரே செயற்கைக்கோள்களுக்குப் பணம் கட்டி, ஒரே மேகப் படங்களைப் பெறுகின்றன.

இனி தெற்காசியாவுக்கு வருகிறேன். சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டமைப்பின் நாடுகளுக்கென ஒரு செயற்கைக்கோளை உருவாக்குமாறு 2014 ஜூனில் பிரதமர் மோடி இஸ்ரோவைக் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் காத்மாண்டு உச்சி மாநாட்டில் அதை அறிவித்தார். முழுச் செலவையும் இந்தியாவே ஏற்று, அண்டை நாடுகளுக்கான பரிசாகவே அது வழங்கப்பட்டது. இந்தியாவே தனியாகக் கட்டி, ஏவி, இயக்க விரும்பியதால் சார்க்கின் பெயரில் அதை ஆதரிக்க இயலவில்லை என்று பாகிஸ்தான் விலகிக்கொண்டது. செயற்கைக்கோளின் பெயரிலிருந்து ‘சார்க்’ நீங்கி ‘தெற்காசியா’ வந்தது. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு, நேபாளம், இலங்கை ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்தன. 12 டிரான்ஸ்பாண்டர்கள் (சமிக்ஞைகளை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்) கொண்ட அந்தச் செயற்கைக்கோள் உண்மையான உதவி; அந்தப் பெருந்தன்மையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பூட்டான் அதற்கென ஒரு தரைநிலையத்தைத் திம்புவில் அமைத்துக்கொண்டது; பூட்டான் பொறியாளர்கள் இஸ்ரோவில் பயிற்சி பெற, இரு நாடுகளும் சேர்ந்து உருவாக்கிய சிறு செயற்கைக்கோள் 2022 நவம்பரில் ஏவப்பட்டது.

ஆயினும் பரிசு பெற்றவர் அடுத்த பரிசு எப்படி இருக்க வேண்டும் என்று வாக்களிக்க முடியாது. எத்தனை அலைவரிசை, எந்தப் பயன்பாடு, பழுதானால் யார் பொறுப்பு, ஆயுள் முடிந்தபின் என்ன என்பதெல்லாம் கொடுப்பவரின் முடிவாகவே இருக்கும். வங்கதேசம் 2018 மே மாதத்தில் தன் சொந்தத் தொலைத்தொடர்பு செயற்கைக்கோளைப் பிரான்சில் கட்டி அமெரிக்க ராக்கெட்டில் ஏவியதைப் பார்க்கும்போது, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்காகச் சிறிய நாடுகள் பெருந்தொகை செலவிடவும் தயங்குவதில்லை என்பது புரிகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியையேனும் ஈர்க்கக்கூடிய பொது அமைப்பு நம்மிடம் இல்லை.

அதை சார்க்கின் குடையின் கீழ் கட்டலாம் என்று நான் சொல்லவில்லை. சார்க்கின் எல்லா முடிவுகளும் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும் என்கிறது அதன் சாசனம். 2014 காத்மாண்டுக்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை. தேவைப்படுவது அரசியல் மேடையிலிருந்து விலகி நிற்கும் ஒரு சிறிய தொழில்நுட்ப அமைப்பு. வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் உருவாகும் புயல்களுக்காக 1972-இல் தொடங்கிய பன்னாட்டுக் குழுவே இதற்கு நம் அருகிலிருக்கும் சான்று. இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் உறுப்பினர்கள். புது தில்லி மையம் தரும் எச்சரிக்கைகள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் செல்கின்றன. புயல்களுக்கு வைக்கும் பெயர்களில் ஒவ்வொரு நாடும் தந்த பெயர் முறைப்படி வருகிறது. எல்லையில் பதற்றம் நிலவிய ஆண்டுகளிலும் அந்தப் பணி நிற்கவில்லை.

ஆகவே ஜிசாட்-9-க்கு அடுத்ததை, வானிலைக்கும் பேரிடர்க் கண்காணிப்புக்கும் உரிய பொதுச் செயற்கைக்கோளாகத் திட்டமிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். இமயமலைப் பனிப்பாறை ஏரிகள் உடைந்தால் நேபாளத்தோடும் பூட்டானோடும் இந்தியாவும் பாதிக்கப்படுகிறது. பிரம்மபுத்திரா பெருகினால் அசாமும் வங்கதேசமும் சேர்ந்தே மூழ்குகின்றன. செலவில் பெரும்பகுதியை இந்தியாவே ஏற்கட்டும். ஆனால் மாலத்தீவும் பூட்டானும்கூடத் தம் தேசிய வருமானத்துக்கேற்ற சிறு தொகையைச் செலுத்தி, அதற்கு ஈடாக நிர்வாகக் குழுவில் இடமும், தம் பொறியாளர்களுக்குப் பணியும், தரவின்மீது உரிமையும் பெறட்டும். சேர விரும்பும் நாடுகளோடு தொடங்கட்டும். சேராதவர்க்குத் தடுப்புரிமையும் வேண்டாம், அவர்களுக்குக் கதவை அடைக்கவும் வேண்டாம். ஒரு நாடு விலகினால் அதுவரை செலுத்திய பணத்துக்கும் பெற்ற தரவுக்கும் என்ன ஆகும் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். பிரெக்ஸிட்டின்போது கலிலியோவில் நடந்த கசப்பான வாக்குவாதங்கள், உறவு நன்றாக இருந்த காலத்தில் வெளியேறும் வழியைப் போதிய அளவு யோசிக்காததால் வந்தவை என்றே நினைக்கிறேன். 1972-ஆம் ஆண்டின் விண்பொருள் இழப்பீட்டு உடன்படிக்கைப்படி, சேர்ந்து ஏவும் நாடுகள் சேதத்துக்கும் சேர்ந்தே பொறுப்பாவதால், அந்தப் பொறுப்பைத் தமக்குள் எப்படிப் பகிர்வது என்பதும் அதே ஆவணத்தில் இடம்பெற வேண்டும்.

படை சார்ந்த சேவைகளையும் மறைகுறி வழிகாட்டலையும் இந்த அமைப்பின் எல்லைக்கு வெளியே வைப்பதாகத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது நல்லது. அவற்றைப் பகிரும் அளவுக்கு இந்தப் பகுதியின் அரசியல் இணைப்பு இன்று இல்லை. இருப்பதாகப் பாவனை செய்தால் எல்டோவுக்கு நேர்ந்ததே இங்கும் நேரும். ஆப்பிரிக்க ஒன்றியம் தன் விண்வெளிக் கொள்கையை 2016-இல் ஏற்று, 2025 ஏப்ரலில் கெய்ரோவில் ஆப்பிரிக்க விண்வெளி முகமையைத் தொடங்கிவைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. வெளியுறவு அமைச்சகமும் விண்வெளித் துறையும் ஆறு அண்டை நாடுகளின் வானிலைத் துறைகளையும் அழைத்து, நிதிப் பங்கீட்டு விகிதத்தையும் சாசன வரைவையும் பேசும் முதல் கூட்டத்தை இந்த ஆண்டுக்குள் நடத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் தலையங்கம் வழியாக வலியுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்