கோட்டை வாசலில் சற்று நில்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் திருகோணமலைக்குக் கல்விச் சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்கிவிடும். கோணேசர் கோவிலில் ஓர் அர்ச்சனை, கன்னியா வெந்நீரூற்றில் நாலு வாளித் தண்ணீர், நிலாவெளியில் கடற்குளிப்பு. அத்துடன் கல்வி முடிந்துவிடுகிறது. கடலில் குளிப்பதில் குற்றமில்லை. ஆனால், கோவிலுக்குப் போகும் வழியிலேயே நிற்கும் பிரெட்ரிக் கோட்டை வாசலைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் கடந்துபோவது, ஓய்வுபெற்ற ஆசிரியனான எனக்கு ஒவ்வொரு முறையும் மனத்தை உறுத்துகிறது.

அந்த வாசலின் கல்லில் பாண்டியரின் இரட்டை மீனான இணைக்கயல் சின்னமும், முன்னே குளக்கோட்டு மன்னன் செய்த கோவில் திருப்பணியைப் பின்னே பறங்கியர் (போர்த்துக்கேயர்) குலைப்பர் என்ற பொருளில் "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் உள்ளன. 1620களில் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியதற்கு இதைவிட அருகில் நின்று பார்க்கக்கூடிய சான்று வேறில்லை. சென்ற ஆவணியில் ஒரு சிறுவன் அந்த மீனை விரலால் தடவியபடி, "கோட்டைச் சுவரிலை ஏன் சேர் மீன்?" என்று கேட்டான். அவனை அழைத்து வந்தவர் நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பாவம், அவருக்கும் மதியச் சாப்பாட்டுக் கவலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடல் ஏறத்தாழச் சித்திரை முதல் புரட்டாதி வரையே குளிப்புக்கு இணங்கும். மார்கழி விடுமுறையில் வருகிறவர்கள், வடகீழ்ப் பருவக்காற்றில் அலை எறியும் கரையையும் நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவுக்குப் போகாத படகுகளையும் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிறார்கள். உண்மையில் இவ்வூரின் வரலாற்றைச் சொல்லிக் கொடுக்க அதுவே ஏற்ற காலம். அந்தக் காற்றில் ஒதுங்க இடமின்றிச் சோழமண்டலக் கரையில் தவித்த பாய்க்கப்பல்களுக்கு, மலைகள் சூழ்ந்த ஆழமான இத்துறைமுகம் புகலிடமாக இருந்தமையால்தான் ஐரோப்பியர் இதற்காக மாறிமாறி மோதிக்கொண்டனர். 1782 ஆம் ஆண்டில் மட்டும் இது ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. 1795 இல் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாகி, 1957 வரை அவர்களுடைய கடற்படைத் தளமாக விளங்கியது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இத்துறைமுகத்தின் மீதுதான். உப்புவெளியில் நிலாவெளி வீதியோரமாகவே உள்ள இரண்டாம் உலகப் போர்வீரர் மயானத்தை, பஸ்கள் வேகம் குறைக்காமல் கடந்துபோகின்றன.

ஆகவே, மார்கழியில் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் முதலில் கோணேசர் மலையில் நின்று வெளிக்கடலின் இரைச்சலைக் கேட்கச் செய்து, பிறகு உள்துறைமுகக் கரைக்குக் கூட்டிச் சென்று அங்குள்ள அடங்கிய நீரைக் காட்டுவார்களாக. கோட்டை வாசலுக்குப் பத்து நிமிடம் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.