சினைப்பைக் கட்டி: வெண்மையாகத் தெரிவதெல்லாம் புற்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சினைப்பைக் கட்டிகள் குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, எம்.ஆர்.ஐ. பரிசோதனையை ஒரே வரியில் கடந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகளுக்கு வயது 26. அல்ட்ராசவுண்டில் இடது சினைப்பையில் 6 செ.மீ. கட்டி தெரிந்தது, ரத்தத்தில் சினைப்பைப் புற்றுக்கு அறிகுறியாகப் பார்க்கப்படும் சி.ஏ. 125 என்ற புரதத்தின் அளவும் இயல்பு வரம்பான 35-ஐத் தாண்டியிருந்தது. பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படத்தில் கட்டி வெள்ளையாக ஒளிர்வதைக் காட்டி, புற்றாக இருக்கலாம், இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். "புள்ளைக்கு இன்னும் கண்ணாலமே ஆகலீங்களே, வேற வழி இல்லீங்களா?" என்று கேட்ட என் தங்கைக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை.

கோவையில் வேறொரு கதிரியக்க மருத்துவர் அதே எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த குறுந்தகட்டை (சி.டி.) கணினியில் போட்டுப் பார்த்தார். எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2 என இருவகைப் படங்கள் உண்டு. கொழுப்பின் ஒளியை அடக்கி எடுத்த டி1 படத்தில் கட்டி பளிச்சென்றும் டி2 படத்தில் மங்கியும் இருப்பதையும், ரத்த ஓட்டமுள்ள திசுவை ஒளிரச் செய்யும் மருந்தைச் செலுத்திய பிறகும் உள்ளே எந்தத் திசுவும் ஒளிராததையும் சுட்டிக்காட்டி, இது எண்டோமெட்ரியோமா, அதாவது கருப்பையின் உட்படலம் போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து பழைய ரத்தம் தேங்கிய, புற்றல்லாத கட்டி என்றார். கட்டி மட்டும் அகற்றப்பட்டது. திசுப் பரிசோதனையும் அவர் சொன்னதையே உறுதிசெய்தது. சி.ஏ. 125 இந்நோயிலும் உயரும் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

இயற்பியல் கற்பித்தவன் என்பதால் ஒன்று சொல்லலாம். டிஃப்யூஷன் படம் அளப்பது புற்றை அன்று, நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தை. செல்கள் நெருங்கிய புற்றுத் திசுவில், சந்தை நாள் கூட்டத்தில் சிக்கியவர் போல நீர் நகர இடமின்றித் தவிப்பதால், அந்த நடமாட்டத்தைக் குறிக்கும் ஏ.டி.சி. என்ற அளவு குறைந்து, டிஃப்யூஷன் படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது, ஆனால் கெட்டிப்பட்ட பழைய ரத்தம், சீழ், முடி, தோல் போன்றவை அடங்கிய டெர்மாய்டு கட்டியின் கெரட்டின் (தோல், முடியில் உள்ள புரதம்) ஆகியவற்றிலும் அப்படியே குறையும். ஆகவே கட்டிக்குள் திடத்திசு இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. அப்படி இருந்து, அது டி2 படத்திலும் டிஃப்யூஷன் படத்திலும் கறுப்பாகவே தெரிந்தால், ஃபைப்ரோமா (நார்த்திசுக் கட்டி) போன்ற தீங்கற்ற கட்டியாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். ரத்த ஓட்டத்தின் பங்கைப் பிரித்தறியும் ஐ.வி.ஐ.எம்., திசுவுக்குள் நீரின் நடமாட்டம் எவ்வளவு தடைபடுகிறது என்பதை நுணுக்கமாக அளக்கும் குர்டோசிஸ் போன்ற புதிய டிஃப்யூஷன் முறைகள் நம்பிக்கை தருகின்றன. எனினும் அளவுகள் கருவிக்குக் கருவி மாறுவதால், எல்லோருக்கும் பொதுவான எல்லைக்கோடு ஒன்றை வகுக்க முடியவில்லை.

1340 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வின் வழியே வந்த ஓ-ராட்ஸ் எம்.ஆர்.ஐ. மதிப்பெண், கட்டியை 1 முதல் 5 வரை வகைப்படுத்துகிறது; 2 என்றால் புற்றுக்கான வாய்ப்பு அரை விழுக்காட்டுக்கும் குறைவு, 5 என்றால் ஏறக்குறைய 90 விழுக்காடு. ஊசி குத்தித் திசு எடுத்தால் புற்றுச் செல்கள் வயிற்றுக்குள் சிந்தக்கூடும் என்று மருத்துவர்கள் தயங்கும் உறுப்பு இது என்பதால், அறுவைக்கு முன் இந்த எண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. எங்கள் முதல் அறிக்கையில் அந்த எண்ணே இல்லை. ஸ்கேன் மையங்கள் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஃபிலிமை மட்டும் உறையில் போட்டுத் தராமல், நோயாளி கேட்காமலேயே சி.டி.யையும் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காங்கேயம்.